பூட்டிய கேட்டும் லாங் பெல்லும்

போன வருடம் மழைக்காலத்தில், திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டைக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் நடுவில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது இது. அது நான் வேலை பார்க்கும் பள்ளி இல்லை. பள்ளி முதல்வராக விரும்பும் ஆசிரியர்களுக்கான முதுநிலைப் படிப்பு ஒன்றில் அப்போது சேர்ந்திருந்தேன். சனி, ஞாயிறுகளில் வகுப்பு. அதோடு சில வாரங்கள் வேறொரு பள்ளியில் தலைமையாசிரியையின் கூடவே இருந்து நிர்வாகத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் வேலை. காய்ச்சல் அடித்தாலும் என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார். ஒரு நாள் படிப்பு போனால் அதை யாரும் திருப்பித் தரமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. இந்தப் படிப்பில் நான் சேர்ந்ததும் கடை கடையாகப் போய், "எம் மவ பிரின்ஸ்பாலுக்குப் படிக்கா" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

அன்று காலையில் தலைமையாசிரியைக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து திடீரென்று அழைப்பு வந்தது. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஆசிரியர் விடுப்பில் இருந்தார். "மோளே, ஆபீஸ்ல நீ இரு. ஏதாவதுன்னா போன் பண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அந்த அறையில், அவர் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில், தனியாக உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

முற்பகல் இடைவேளை முடிந்து வகுப்புகள் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் அண்ணாச்சி ஓடி வந்தார். "டீச்சர், சமரக்காரப் பிள்ளேள் வாராவ. கொடியோட வாராவ."

கேரளத்தில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாணவர் அமைப்பு ஏதாவது ஒன்று சமரம், அதாவது வகுப்புகளை முடக்கும் போராட்டம், அறிவித்தால், கல்லூரிப் பிள்ளைகள் ஊர்வலமாகப் பள்ளி பள்ளியாக வருவார்கள். கேட்டில் நின்று முழக்கம் போடுவார்கள். தலைமையாசிரியர் வெளியே வந்து இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு லாங் பெல், அதாவது பள்ளி விடும் நீண்ட மணி, அடிக்கப்படும். எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பல இடங்களில் இது பழகிப்போன சடங்கு.

எனக்கு அந்தச் சடங்கு பிடிக்காது. பாதி நாள் படிப்பு போகும். அதைவிட, அன்று ஊர்வலத்தால் சாலை முழுக்க வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. கீழ் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பா அம்மா கடைகளிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள். நடுப்பகலில் யார் வந்து கூட்டிப்போவார்கள்?

தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் அறையில் கேட்டேன். ஒரு மூத்த ஆசிரியை அதற்குள் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். "பிரஸ்டீஜ் ஒண்ணும் பார்க்கண்டா மோளே. அடிச்சு விடு. நமக்கும் வீட்ல துணி துவைக்கக் கிடக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"மணி அடிக்க வேண்டாம். கேட்டைப் பூட்டுங்க" என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"டீச்சர், எல்லாரும் அடிச்சுதான் விடுவாவ..."

"பூட்டுங்க அண்ணாச்சி."

பூட்டினார். நான் கேட்டின் உள்பக்கம் போய் நின்றேன். மழை விட்டு முற்றம் ஈரமாக இருந்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். முன்னால் ஒல்லியான ஒரு பெண், கையில் மெகாபோன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள்.

"டீச்சரே, சண்டைக்கு வந்ததல்ல. லாங் பெல் ஒண்ணு அடிச்சா மதி, அது போதும். நாங்க போயிக்கிடும்" என்றாள்.

"இங்க பாடம் நடக்குது. அடிக்க மாட்டேன்."

"டீச்சர் புதுசாணோ?" கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"நான் புதுசு. பாடம் பழசுதான். போய்ட்டு வாங்க."

இந்தப் பதிலை நான் ரசித்தேன். அதை ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஒரு பையன் பக்கத்துச் சுவரில் ஏறி உள்ளே குதித்தான். நான் திரும்புவதற்குள் வராந்தாவுக்கு ஓடி, தொங்கிக்கொண்டிருந்த மணியை அடிக்க ஆரம்பித்துவிட்டான். விடாமல் அடித்தான்.

லாங் பெல் கேட்டால் எந்தப் பிள்ளையும் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காது. மாடிப்படியிலிருந்து ஒரு இரைச்சல் கிளம்பியது. கேட்டுக்கு மிக அருகில் இருந்தது ஒன்றாம் வகுப்பு. அதனால் முதலில் வந்து சேர்ந்தது அந்தக் குட்டிகள்தான். கேட் பூட்டியிருந்ததால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மூன்றாம் வகுப்பு, அதற்குப் பின்னால் பெரிய பையன்கள். கேட் பூட்டியிருப்பது பின்னால் வந்த யாருக்கும் தெரியவில்லை.

"திறங்க அண்ணாச்சி!" என்று கத்தினேன். அவர் எப்படியோ கையை நீட்டிப் பூட்டைத் திறந்துவிட்டார். ஆனால் கேட் அசையவில்லை. அது உள்பக்கமாகத் திறக்கும் கேட். உள்ளே ஒரு அங்குலம்கூட இடமில்லை.

வெளியே இருந்தவர்கள் பூட்டு திறந்ததைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார்கள். உதவி செய்வதாக நினைத்துக் கேட்டை உள்ளே தள்ள ஆரம்பித்தார்கள். பின்னாலிருந்து பிள்ளைகள், முன்னாலிருந்து கேட். நடுவில் ஒன்றாம் வகுப்பு. நானும் அதற்குள்தான் இருந்தேன். என் இடுப்புயரத்தில் ஒரு சின்னப் பெண்ணின் கன்னம் கம்பியில் அழுந்தியிருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு கைகளையும் கம்பியில் ஊன்றி அவளைச் சுற்றிக் கொஞ்சம் இடம் உண்டாக்கப் பார்த்தேன். முதுகில் வந்து மோதிய பாரத்தில் என் முழங்கை மடங்கியது. கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், அந்த ஒல்லிப் பெண்ணின் முகம் இருந்தது. "தள்ளாதீங்க! குட்டிகள்! கீழ பாரு!" என்றேன். கேட்டதா என்று தெரியாது. என் கண் போன இடத்தைப் பார்த்து அவளும் குனிந்தாள். அந்தக் குழந்தையைப் பார்த்தாள்.

உடனே அவள் திரும்பி, கேட்டில் முதுகை ஊன்றி, தன் ஆட்களைப் பார்த்து மெகாபோனைத் தூக்கினாள். நிறுத்துங்கள் என்றோ ஆபத்து என்றோ அவள் சொல்லவில்லை. முழக்கம் போட்டாள்.

"பின்னோட்டு பின்னோட்டு! ஒரு சுவடு பின்னோட்டு!"

ஒரு அடி பின்னால் என்று அர்த்தம். ஊர்வலத்தில் போடும் அதே தாளம், அதே வேகம். அவள் ஆட்கள் பழக்கதோஷத்தில் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். சொன்னபடி பின்னால் நகர்ந்தார்கள். கேட்டின் பாரம் குறைந்தது. அடுத்து அவள் எங்கள் பக்கம் திரும்பி, கம்பிகளுக்கு மேலே மெகாபோனைப் பிடித்து மறுபடியும் போட்டாள்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முழக்கம் போடச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கடைசி வரிசையில் நின்று தள்ளிக்கொண்டிருந்த பெரிய பையன்கள், என்ன ஏது என்று தெரியாமலே, குஷியாகக் கையைத் தூக்கினார்கள். "ஒரு சுவடு பின்னோட்டு!" ஒரு அடி வைத்தார்கள். "இனியும் ஒரு சுவடு பின்னோட்டு!" இன்னொரு அடி. வராந்தாவில் அந்த மூத்த ஆசிரியை, தோளில் கைப்பையோடு, முஷ்டியை உயர்த்தி எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தார். என் முதுகிலிருந்து பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அண்ணாச்சி கேட்டை இழுத்தார். ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது.

அந்தச் சின்னப் பெண்ணை அலுவலகத்துக்குத் தூக்கிப் போனேன். கன்னத்தில் கம்பியின் தடம் சிவப்பாக இருந்தது. தண்ணீர் கொடுத்தும் பேசவில்லை. பேந்தப் பேந்த விழித்தாள். பிறகு சட்டென்று, "என் குடை எங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவளைத் தவிர இரண்டு பேருக்குச் சிராய்ப்பு. கடவுள் புண்ணியத்தில் அதோடு போயிற்று.

கதவருகில் அந்த ஒல்லிப் பெண் நின்றாள். பின்னால், மணியடித்த பையன், முகம் வெளுத்துப் போய்.

"டீச்சரே, குட்டிக்கு ஒண்ணும் இல்லியே?"

இல்லை என்றேன். அவள் பையனைத் திரும்பிப் பார்த்து, "கண்டாடா நீ செஞ்சது?" என்றாள். பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, "அவன் பெல்லடிச்சான். டீச்சர் கேட் பூட்டினீங்க. நான் தள்ளச் சொன்னேன். நம்ம மூணு பேரும் சேர்ந்தாக்கும் இதை உண்டாக்கினது" என்றாள்.

எனக்கு நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. "சின்னவங்களை இப்ப விடமாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அதே பிடிவாதம்தான். அவள் சிரித்தாள். "விடண்டா டீச்சரே. பெரியவங்களை மட்டும் விடுங்க. ரோடு கடத்தி விடறது நாங்க பார்த்துக்கிடும்" என்றாள். சொன்னபடியே அவளும் அவள் கூட்டமும் கைகோத்து நின்று வண்டிகளை நிறுத்தினார்கள். பெரிய வகுப்புகள் வரிசையாக வெளியே போயின. சாயங்காலம் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோரும் ஆட்டோக்களும் வரும்வரை நான் வகுப்பில் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் பெயரை நான் கேட்கவில்லை. பிறகு பார்க்கவும் இல்லை. படிப்பை முடித்துவிட்டேன். இன்றில்லாவிட்டால் நாளை, ஒரு பள்ளியின் பொறுப்பு என் கைக்கு வரும். ஊர்வலத்துக்காகப் பாடத்தை நிறுத்துவது இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. ஆனால் எவ்வளவு சரியான முடிவை எடுத்தாலும், அதற்கும் கூட்டத்துக்கும் நடுவில் அகப்படப்போகிற சின்னக் கன்னம் யாருடையது என்று யோசிக்காமல், இப்போதெல்லாம் என் வாயிலிருந்து ஒரு உத்தரவும் வருவதில்லை.