நாற்காலி ராணியின் குடைக்காரன்

பார்சல் கொண்டுவருகிறவர் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "இன்னா டீச்சர், பையனுக்கு பொம்மையா?"

என் பையனுக்கு மீசை முளைத்து, ஓசூரில் வேலைக்குப் போய், அங்கே வாடகை வீட்டில் பொங்கித் தின்றுகொண்டிருக்கிறான். அது அவருக்கும் தெரியும். "எனக்குத்தாங்க" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டு, "ஓ, ஸ்கூலுக்கா?" என்றார். ஐம்பதைத் தொடப்போகிற ஒரு பொம்பளை, கட்டைவிரல் உயரத்துக்கு ஈயப் பொம்மைகளைத் தனக்கென்று வாங்குவாள் என்பது அந்த மனுஷன் மண்டையில் ஏறவே இல்லை. கடைசியில் நானே, "ஆமாங்க, ஸ்கூலுக்கு" என்று சொல்லி வாங்கிக்கொள்ள ஆரம்பித்தேன். எத்தனை தடவை வாயைக் கெடுத்துக்கொள்வது?

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு நாளிதழின் கடைசிப் பக்கத்தில் தினமும் மூன்று கட்டத்தில் ஒரு படக்கதை வரும். வெளிநாட்டுக் கதை, தமிழில் எழுதிப் போடுவார்கள். ராஜ்யத்தை இழந்த ராணி ஒருத்தி, தன் சிம்மாசனத்தை முதுகில் கட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைவாள். களைத்த இடத்தில் அதை இறக்கிப் போட்டு உட்காருவாள். உட்கார்ந்த இடம்தான் அரண்மனை. பின்னாலேயே ஒரு குள்ளன் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு வருவான். "இந்த மகராசிக்கு நடக்காம இருக்கத் தெரியாதா" என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டேதான் வருவான், ஆனால் குடை மட்டும் சாயாது. கூடவே, நெருப்பைக் கக்கப் போனால் தும்மல் வந்துவிடும் ஒரு டிராகன், மந்திரம் மறந்துபோன மந்திரவாதி என்று ஒரு கூட்டம். நாங்கள் அவளை நாற்காலி ராணி என்போம்.

அந்தக் கதையை வைத்து வெளிநாட்டில் ஒரு கம்பெனி பகடை உருட்டி ஆடும் விளையாட்டு ஒன்றைப் போட்டிருக்கிறது. ஆடுவதற்காக அத்தனை பேரையும் ஈயத்தில் வார்த்து விற்றிருக்கிறது. இதெல்லாம் கம்பெனியை இழுத்து மூடி வெகுகாலம் கழித்து, கைக்குப் போன் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பழைய பொம்மை சேர்ப்பவர்களின் குழு ஒன்று கண்ணில் பட்டது. அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது. டிராகன் வந்தது, மந்திரவாதி வந்தான், மூக்கு கொஞ்சம் தேய்ந்த குடைக்காரன் வந்தான். அவன் படத்தைக் குழுவில் போட்டுக் கேட்டும் ராணி மட்டும் வரவில்லை. குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் அலமாரியில் நிற்பான், குடைக்குக் கீழே ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவள் ஒருத்திக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தேன் என்றே சொல்லலாம்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இங்கே காவலூரில் பெரிய டெலஸ்கோப்பில் ராத்திரி வேலை. பகலெல்லாம் தூங்குவார். ஒரு கரண்டி கீழே விழுந்தால்கூட உள்ளேயிருந்து முனகல் வரும். போன் நம்பர் அவர் பெயரில் வாங்கியது, குழுவில் தெரிவதும் அவருடைய மீசைப் படம்தான். ஆகவே எல்லோரும் என்னை "சார்" என்றார்கள். திருத்தவில்லை. டீச்சர் என்றால் பையனுக்கா என்று கேட்கிற அதே உலகம், சார் என்றால் "வார்ப்பு எப்படி சார், பெயிண்ட் பழசுதானா சார்" என்று மரியாதையாகக் கேட்கிறது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சௌகரியமாகவும் இருந்தது.

அந்தக் குழுவில்தான் ஒருநாள் ராணியின் படம் வந்தது. முதுகில் நாற்காலி, இடுப்பில் கை, அதே திமிர். போட்டவர் வாணியம்பாடி பாய் ஒருவர். தொப்பியும் கண்ணாடியுமாக அவர் படம் சின்னதாகத் தெரிந்தது. நான் உலகம் பூராவும் தேடிக்கொண்டிருக்கிறேன், இவள் மலைக்குக் கீழே, ஆலங்காயத்தில் பஸ் மாறினால் வந்துவிடுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்!

"பாய், ராணி விலைக்கா?" என்று அனுப்பினேன்.

"இல்ல சார். விக்கறதுக்கில்ல."

"அப்பறம் எதுக்கு படம் போட்டீங்க?"

"உங்ககிட்ட இல்லன்னு தெரிஞ்சுதான் போட்டேன் சார்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! பதிலுக்கு நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, அது பல மாசம் ஓடியது. "குடைக்காரன் உங்ககிட்டதானே இருக்கான்? அவனைக் குடுத்துடுங்க" என்றார் பாய். "குடுக்க எனக்கு இன்னா பைத்தியமா?" என்றேன் நான். கடைசியில் அவரே, "நேர்ல வாங்க சார், இன்ஷா அல்லா பேசிக்கலாம்" என்று இறங்கி வந்தார்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். போர்வைக்குள்ளிருந்தே, "நான் தூங்கறதா, உன் பொம்மைக்கு பஞ்சாயத்து பண்றதா?" என்றார். அதுவும் நியாயம்தான். எனவே, "எனக்கு டியூட்டி இருக்கு பாய், வீட்ல வருவாங்க" என்று அனுப்பினேன். "வரட்டும் சார். எங்க வீட்லயும் இருப்பாங்க" என்று பதில் வந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போக முடியுமா? டிபன் பாக்ஸில் சாமை அரிசி உப்புமா, பையில் நம் மலைப் புளி. பஸ்ஸில் உட்கார இடம் இல்லாமல் புளி மூட்டையாகவே ஏற்றியிருந்தார்கள், அதில் நான் வேறு புளி கொண்டுபோகிறேன்.

பாய் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "உள்ள போங்கம்மா, உள்ள போங்க" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டி வெளியே போய்விட்டார். பேசவேண்டிய ஆளே போயாச்சு! உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அக்கா என்றுதான் வாயில் வந்தது. விரிப்பைப் போட்டு, பிரியாணி, கத்திரிக்காய், தால்ச்சா என்று பரப்பிவிட்டார். நான் மெதுவாக, "அக்கா, பாய்கிட்ட ஒரு பொம்மை இருக்குதே..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் ஆம்பளைங்க விஷயம் டீச்சரம்மா, நமக்கு எதுக்கு? இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க."

"இல்லக்கா, எங்க வீட்டுக்காரர் ரொம்ப ஆசைப்படறாரு."

"ஆசைப்படறவர் அந்தக் குடைக்காரனைக் குடுக்கலாம் இல்ல? பிடிவாதக்காரராமே உங்க சார்?"

"ஆமாக்கா, பயங்கரப் பிடிவாதம்" என்றேன், அவர் தலையில் பழியைப் போட்டு.

வயிறு முட்டச் சாப்பிட்டு, டிபன் பாக்ஸ் நிறைய பிரியாணியோடு மலையேறி வீட்டுக்கு வந்தால் போனில் பாய்: "சார், உங்க வீட்ல ரொம்ப நல்லா பேசறாங்க. ஆனா ராணி குடுக்கறதா இல்ல."

அடுத்த மாசம் போனேன். அதற்கடுத்த மாசமும் போனேன். அதே கதைதான். பாய் செருப்பை மாட்டுவார், அக்கா சோறு போடுவார், நான் வீடு திரும்பியதும் பாயிடமிருந்து நக்கல் வரும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இவ்வளவு தங்கமான பொம்பளைக்கு இப்படி ஒரு முசுடு வாய்த்ததே என்று அக்காவை நினைத்துப் பரிதாபமும் பட்டேன்.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, என் பொறுமை போய்விட்டது. அக்கா ஊறுகாய் எடுக்க சமையலறைக்குப் போயிருந்தார். எனக்கு முன்னால் மறுபடியும் அதே பிரியாணி. இன்றைக்கும் தின்றுவிட்டுத்தான் போகப்போகிறேனா என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எச்சில் படாத இடது கையால் போனை எடுத்துத் தட்டினேன்: "பாய், நீங்க மனுஷனா? ஒரு பொம்பளைய மாசாமாசம் மலையிலேர்ந்து இறங்க வெச்சு வேடிக்கை பாக்கறீங்க. பொம்மைய காட்டவாவது காட்டக்கூடாதா?"

அனுப்பிய கையோடு சமையலறையில் 'டிங்' என்றது.

நான் நிமிர்ந்தேன். ஊறுகாய் ஜாடி ஒரு கையிலும் போன் இன்னொரு கையிலுமாக அக்கா வாசலில் நின்றார். போனைப் படித்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"நீங்கதான் சாரா?" என்றார்.

"நீங்கதான் பாயா?" என்றேன்.

"அடிப்பாவி!" என்று ஜாடியை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிரிப்பில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு உடனே வரவில்லை. வெண்ணெயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, இத்தனை மாசம் இந்தப் பொம்பளையிடமே உட்கார்ந்து, என் பையனுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேசியிருக்கிறேனே! பிறகு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

"பாய்க்கு தெரியுமா?" என்று கேட்டேன்.

"போன் அவர்துதான். என்னமோ பண்ணிக்கோன்னு விட்டுட்டாரு. மருமகளுங்களுக்கு தெரியாது. தெரிஞ்சா, இந்த வயசுல பொம்மையான்னு சிரிப்பாளுங்க."

பீரோவைத் திறந்தார். புடவை அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன டப்பா. அவருடைய அண்ணன் தோல் வியாபாரமாக ஜெர்மனி போனபோது தங்கைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டாராம். மற்றவர்கள் சென்ட்டும் வாட்சும் கேட்க, இவர் பேப்பரில் வந்த படத்தைக் கத்தரித்துக் கொடுத்திருக்கிறார். கடையில் ராணி மட்டும்தான் மிச்சம் இருந்தாளாம்.

ராணியை என் உள்ளங்கையில் வைத்தார். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தாள். நாற்காலியின் முதுகில் ஏதோ ஒட்டியிருந்தது. கிட்டே வைத்துப் பார்த்தேன். ஒரு தீக்குச்சி. அதன் உச்சியில் மிட்டாய்த் தாளை மடித்துச் செய்த குடை. தாள் மஞ்சளடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"சின்ன வயசுல நானே செஞ்சேன்" என்றார் அக்கா. "குடை இல்லாம எப்படி அவளை நிக்க வெக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அதற்குள் அக்கா கையை நீட்டினார். "போதும், குடுங்க" என்றார். மெசேஜில் வரும் அதே பாய்தான்! கொடுத்தேன். வேறென்ன செய்வது?

அந்த வாரம் முழுக்க எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை. அலமாரியைத் திறந்தால் இவன் ஒன்றுமில்லாத இடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறான். அங்கே அவள் மிட்டாய்த் தாளுக்குக் கீழே நிற்கிறாள். இந்தக் கொடுமையை யார் சகிப்பது? சனிக்கிழமை டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து, அவனைப் படுக்கவைத்துக் கொண்டுபோனேன். சும்மா பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு எடுத்து வந்துவிடலாம் என்றுதான் போனேன். சத்தியமாக.

அக்கா தீக்குச்சிக் குடையை நகத்தால் மெல்லப் பெயர்த்தெடுத்து டப்பாவில் பத்திரப்படுத்தினார். இரண்டு பேரையும் விரிப்பின் மேல், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். அவன் குடை சரியாக அவள் தலைக்கு மேல் வந்தது. அப்படித்தான் வார்த்திருக்கிறார்கள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிரியாணி ஆறிப்போனது.

கிளம்பும்போது அவனை எடுக்கக் கை போனது. எடுக்க முடியவில்லை. "ரம்ஜான் வரைக்கும் இங்க இருக்கட்டும்" என்றேன் கடுப்பாக. "அப்பறம் ரெண்டு பேரும் மலைக்கு வரணும். சொல்லிட்டேன்."

"இன்ஷா அல்லா" என்றார் அக்கா.

"இந்த இன்ஷா அல்லாவெல்லாம் நான் நிறைய பாத்துட்டேன். ஒழுங்கா சொல்லுங்க."

"வருவாங்க டீச்சரம்மா. நானே கூட்டிட்டு வர்றேன். அந்த டெலஸ்கோப்பையும் பாக்கணும்." காலி டிபன் பாக்ஸைத் திருப்பித் தரக்கூடாதென்று அதில் பிரியாணியை அமுக்கி நிரப்பினார்.

பஸ்ஸில் வரும்போது என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். ராணியை வாங்கிவரப் போனவள், இருந்தவனையும் விட்டுவிட்டு வருகிறேன். இப்படி ஒரு ஏமாளி உண்டா? ஆலங்காயத்தில் இறங்கியபோது போன் அடித்தது. ராணியும் குடைக்காரனும் சேர்ந்து நிற்கிற படத்தைக் குழுவில் போட்டிருந்தார் அக்கா. கீழே வரிசையாக, "சூப்பர் பாய்!", "கலக்கிட்டீங்க பாய்!", "குடைக்காரன் சாருக்கு பெரிய மனசு!"

எனக்குச் சுருக்கென்றது. பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே தட்டினேன்: "பாயும் இல்ல, சாரும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் பொம்பளைங்க."

குழுவில் யாரோ ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "ஓ, பசங்களுக்காக வாங்கினீங்களா மேடம்?"

காவலூர் பஸ் வந்துவிட்டது. நான் ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இந்த ஆளை என்ன திட்டுவது என்று யோசித்து எழுத்துக்களைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே வாணியம்பாடியிலிருந்து பதில் போய்விட்டது.

"இல்லிங்க. எங்களுக்கு."