அன்பின் விருந்தில் என் மேல் விழுந்த பழி

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அதைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன். ஆனால் அவர் பதில் கொடுத்த விதம் எனக்கு இன்னும் கசக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திருச்செங்கோடு ரோட்டில் லாரிப் பட்டறைகளுக்கு எதிரே என் இட்லிக்கடை. வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்த அடுப்புதான் என் இரண்டு பெண்களையும் படிக்க வைக்கிறது. நம் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு வருஷா வருஷம் அன்பின் விருந்து சமைப்பதும் நான்தான், கூலி வாங்காமல்.

போன வருஷம் காணிக்கைப் பொருள் ஏலம் முடியவே இல்லை. உங்களுக்குத் தெரியும், ஏலம் எடுத்தவர் பொருளை ஆலயத்துக்கே திருப்பிக் கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். அன்று ஒரே பூசணிக்காய் ஐந்து சுற்று வந்தது. கோழிக்குழம்போ தகரக் கொட்டகைச் சூட்டில் கிடந்தது. சபைச் செயலாளரிடம் இரண்டு தடவை போய்ச் சொன்னேன்.

"ஏனுங்கய்யா, இதுக்கு மேல வெச்சா கொழம்பு கெட்டுப்போயிருமுங்க."

"ஏலம் முடியட்டும். உனக்கென்ன அவசரம்?"

சாயங்காலம் பாதிச் சபைக்கு வாந்தி. அடுத்த ஞாயிறு அவரே எழுந்து, சமைத்தவள் கை சுத்தமில்லை என்று அறிவித்தார். நான் எச்சரித்ததைக் காதால் கேட்டவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் இங்கேதான் இருக்கிறார்கள்.

பேச்சு ரோட்டுக்கு வந்தது. கடைக்கு ஆள் வரவில்லை. மாவு புளித்துச் சாக்கடைக்குப் போனது. பெரியவள் காலேஜை விட்டுவிட்டு நூல்மில்லுக்குப் போகிறேன் என்றாள். செயலாளர் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றக் கிளம்பிவிட்டேன். செருப்பு மாட்டும்போது, ஆண்டவர் தம்மைச் சிலுவையில் அடித்தவர்களுக்காக வேண்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. எனக்கு அப்படி வேண்ட வரவில்லை. முழங்காலில் விழுந்து, "அப்பா, என்ற வாயக் கட்டுங்க. என்ற கையால ஒருத்தராவது சாப்பிட வரட்டுமுங்க" என்று மட்டும் அழுதேன்.

ஒன்பதாம் நாள் ஒருத்தி வந்தாள். சபையாள் இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாத்தா, மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள்.

"ஏஞ்சாமி, நாலு இட்லி வையி. உன்ற கை சுத்தம் எனக்குத் தெரியாதாக்கும்?"

ரோட்டில் போகிறவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டு, வெளி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாள் பட்டறை ஆட்கள் திரும்பி வந்தார்கள். பெரியவள் காலேஜுக்கே போகிறாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனாலும் நம்மில் ஒருவர் முதலில் வந்திருக்கக் கூடாதா?

போன மாதம் செயலாளரே வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று பைத்தியக்காரி மாதிரி காத்திருந்தேன். மூன்று இட்லி சாப்பிட்டார். "சட்னியில உப்பு கம்மி" என்றார். என் கையில் கொதிக்கிற சாம்பார்க் கரண்டி. கர்த்தர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார், வேறு யாரால் முடியும்?

அநியாயமாகப் பழி சுமக்கிறவர்களே, கர்த்தரிடம் போங்கள். பழி சொன்னவர் மாறுவாரா, எனக்குத் தெரியாது. உங்களைக் கர்த்தர் கெட்டுப்போக விடமாட்டார். செயலாளரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, அதற்காகவும் ஜெபியுங்கள்.

அன்று அவர் நான்காவது இட்லி கேட்டார். வைத்தேன்.