ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு ரேம்

மெமரி என்றால் ஞாபகம், ரப்பர் என்றால் அழிப்பது. இவ்வளவு தெரிந்துவிட்டாலே கம்ப்யூட்டர் படித்தாகிவிட்டது என்று பத்து வயதில் நம்பிய முட்டாள் நான். இன்று திருத்தணியில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். என் வாடிக்கையாளர்கள் இந்த இரண்டு செய்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டாம்.

கல்யாணமான முதல் ஆடிக்கு வீட்டுக்கு வந்திருந்த அக்காவைத் திருப்பதியில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போக பாவா வந்தார். அக்கா புருஷனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். சென்னையில் வாங்கிய கேபினெட், போர்டு எல்லாவற்றையும் கூடத்தில் பாய் விரித்துப் பரப்பினார். அக்காவின் காலேஜ் காலத்துக் கம்ப்யூட்டரிலிருந்து ரேம் என்கிற மெமரி அட்டை இரண்டை மட்டும் கழற்றிக்கொண்டார். அவளுக்குப் புதிதாக ஒன்று தயாராகிறதாம்.

"மச்சான், ரப்பர் இருந்தா குடுடா."

கொடுத்தேன். என் வாசனை ரப்பரால் அந்தப் பச்சை அட்டையின் தங்கநிறப் பற்களை அவர் தேய்க்கத் தொடங்கியதும் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"இன்னா பாவா அழிக்கிறீங்க?"

அழுக்கு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அவருக்கு விளையாட்டுப் புத்தி.

"ஆங், உங்க அக்காவோட பழைய ஞாபகத்த அழிச்சிக்கினு இருக்கேன். ஒண்ணு முடிஞ்சிது. இன்னொண்ணையும் தேய்ச்சிட்டா உன்னப் பார்த்து யாருடா நீன்னு கேப்பா பாரு."

தேய்த்ததை எடுத்து, நடுவில் இருந்த பள்ளம் ஸ்லாட்டின் மேட்டில் உட்காரும்படி வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். டக், டக். இரண்டு பக்கமும் கொக்கி விழுந்தது. அக்கா பாதி திருப்பதிக்காரியாகிவிட்டாள் என்று எனக்குப் பட்டது.

அம்மா காபிக்குக் கூப்பிட, பாவா எழுந்து போனார். மிச்சப் பாதியை நான் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போட்டு மூடினேன்.

தேடினார்கள். பாவா பாயை உதறினார். நைனா எழுந்து நின்று வேட்டியை உதறினார். நான் பாக்ஸின் மேல் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் அடிக்காமல் நான் வாய்ப்பாடு சொல்வதே அந்த வீட்டில் பிடிபடப் போதுமான குற்றம். அது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு பாவாவிடம் திரும்பினாள்.

"விடுங்க. ஒண்ணு போட்டா ஓடாதா?"

"ஓடும். ஆனா நத்த மாதிரி ஓடும்."

"ஓடட்டும்."

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில், புதுக் கம்ப்யூட்டரோடு போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் பாக்ஸைத் திறந்தால், ரேம் பஞ்சு மெத்தையில் சொகுசாகப் படுத்திருந்தது. பஞ்சை நான்தான் வைத்து மறந்திருப்பேன் என்று நினைத்தேன். என் மெமரி அந்த லட்சணம்.

கரண்ட் போனால் ரேமில் ஒரு எழுத்துகூடத் தங்காது என்பதைத் தொழில் கற்ற முதல் வாரமே தெரிந்துகொண்டேன். ஆனாலும் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. போன வாரம் கடை மேசையை ஒழித்தபோது பாக்ஸோடு கையில் கிடைத்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"உன் கம்ப்யூட்டர் அத்தன வருஷம் ஊர்ந்துகினு இருந்ததுக்கு நான்தாங்கா காரணம்."

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவள் கத்திக்கொண்டிருந்த குக்கரை அணைத்துவிட்டு வந்து கேட்டாள்.

"பஞ்சு வெச்சது யாருடா?"