மூன்று வீடும் ஒரு கொட்டிலும்

பக்கத்து வளவில் யாரோ புதுச் சுவருக்குத் தண்ணீர் அடிக்கிறார்கள். சீமெந்து ஈரம் மணக்கிறது. அந்த மணம் வந்தால் எனக்கு மற்ற வேலை ஓடாது. எத்தனை சவர்க்காரம் போட்டாலும் அது அப்பாவை விட்டுப் போனதில்லை.

அப்பா மேசன். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மகளுக்குக் கல்யாணமானால் வீடு அவள் பெயருக்குப் போய்விடும்; தாய் தகப்பன் வேறிடம் பார்க்க வேண்டியதுதான். கிழமை நாளில் ஊருக்குக் கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் கட்டினார். அக்காவுக்குக் கல்லடிக் கடற்கரையில் ஒன்று. எனக்கு அங்கேயே வாவிப் பக்கமாக ஒன்று. குசினியில் அடுப்பு மேடையை, என்னை நிறுத்தி வைத்து என் இடுப்புக்கு அளந்து கட்டினார். எனக்கு அப்போது இருந்த கர்வத்தைக் கேட்காதீர்கள்.

சுனாமியன்று அக்கா குடும்பம் நாங்கள் இருந்த வாவிப் பக்க வீட்டுக்கு வந்திருந்ததால் தப்பியது. அவள் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் நின்றது. எனக்கோ கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. அப்பா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"புள்ள, இந்த ஊட்ட அக்காக்கு எழுதப் போறன். ரெண்டு புள்ளயளோட அவள் எங்க போவாள்? ஒனக்கு வேறொண்டு கட்டித் தாறன்."

"எப்ப?"

"கை இருக்குத்தானே."

மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பதாகச் சொன்னார்கள். பிறகு அந்தப் பக்கமிருந்து ஆளே வரவில்லை. நான் மூன்று மாதம் அப்பாவோடு கதைக்கவில்லை. அவர் முன்னால் இருக்கும்போதே, "அம்மா, அவரச் சோறு தின்னச் சொல்லுங்க" என்பேன். அவரும் சிரிக்காமல் வந்து தின்பார்.

வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமத்தில், அம்மாவின் வளவில் அத்திவாரம் போட்டார். சோதனைச் சாவடியில் ஆமி சீமெந்தை மறித்தது; இயக்கத்துக்குப் போகுமாம். பிறகு சண்டை பெருத்து அங்கிருந்த சனமெல்லாம் இடம்பெயர்ந்தது. மறுபடி போய்ப் பார்த்தபோது அத்திவாரத்துக்குள் ஆள் உயரத்துக்குப் புல். எனக்கு உள்ளுக்குள் ஒரு கெட்ட திருப்தி. அப்பா சேர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் புல்லைப் பிடுங்கினார்.

யுத்தம் முடிந்த பிறகுதான் சுவர் எழும்பியது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் ஏணியில், நான் கீழே கல் எடுத்துக் கொடுப்பேன். ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன்:

"அப்பா, அப்ப நான் கதைக்காம இருந்தது..."

"கல்லத் தா புள்ள, சாந்து இறுகுது."

அவ்வளவுதான் என் மன்னிப்பு. அந்த மனிதரைப் போல ஒருவரை நான் பிறகு காணவில்லை.

முப்பத்துமூன்று வயதில் அந்த வீட்டில் எனக்குக் கல்யாணம் நடந்தது. நாலாம் நாள் பின்வளவு மூலையில் அப்பா ஒரு கொட்டிலுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார். "உள்ளுக்கே இருங்க அப்பா" என்று அழுதேன். "ஓம், ஓம்" என்றார். பின்னேரமே பாயைச் சுருட்டி எடுத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்தக் கொட்டிலுக்குப் போய்விட்டார். கடைசி மூச்சும் அங்கேதான். அம்மா இப்போது அக்காவோடு.

போன மாதம் மோட்டார் சைக்கிள் விட அந்தக் கொட்டில் நிற்கும் இடம் வேண்டுமென்று கணவர் கேட்டார். சரியென்றேன். தனக்கென்று அப்பா கட்டியது அது ஒன்றுதான். இரண்டு பேர் வந்தார்கள். காலைத் தேத்தண்ணிக்கு முன்னமே பிரித்து முடித்துவிட்டார்கள்.