வேலு கேட்காத ட்ராக்

எம்.சி. வேலு இன்று காலை இறந்துவிட்டான். அவன் தங்கை செல்வி போனில் உறுதி செய்தார். மாரடைப்பு என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள்.

விபத்து என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. அது தவறு. தயவுசெய்து பகிராதீர்கள்.

தெரியாதவர்களுக்கு... வேலுவுக்குப் பகலில் தி.நகரில் ஒரு துணிக்கடை வாசலில் மைக் பிடித்து ஆள் கூப்பிடுகிற வேலை. ஞாயிறு சாயங்காலம் அடையாறில் ஒரு ஹோட்டல் மொட்டைமாடியில் டிரம் அண்ட் பேஸ் என்கிற வேகமான நடன இசை நிகழ்ச்சி. டிஜே ரகு பாட்டைப் போடுவான். ஓடுகிற டிரம்மின் மேல் ஏறிப் பேசி, கூட்டத்தை ஆட வைப்பது வேலு. அந்த வேலைக்குத்தான் எம்.சி. என்று பெயர்.

ரகு ஆர்.ஏ.புரம். வேலு கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் பிறந்தவன், குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கம் போனவன்.

இருவரையும் நான் முதன்முதலில் பார்த்தது ஒரு சண்டையில்தான். பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்கு எழுதப் போயிருந்தேன்.

ரகு போட்ட பாட்டில் ஏற்கெனவே ஒரு பெண்குரல் இருந்தது. வேலு பேசப் பேச அந்தக் குரலும் பாடியது. இரண்டும் மோதி ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. வேலு மைக்கை டேபிளில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கி ஆட ஆரம்பித்தான்.

"டேய், மேல வாடா!" என்று ரகு கத்தினான். இசையை மீறி எல்லோருக்கும் கேட்டது.

"நீதான் ஒரு அக்காவ இட்டுக்கினு வந்துகீறியே... அது பேசட்டும். நான் ஆடிக்கினு கீறேன். நீ போடு நைனா."

எல்லோரும் சிரித்தார்கள். ரகு சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, வேலு பக்கத்தில் இருந்தால் குரல் உள்ள பாட்டைத் தொடமாட்டான்.

பிறகு ரகு தானே ட்ராக் செய்ய ஆரம்பித்தான். ஒவ்வொன்றிலும் நடுவில், அடியில் அதிரும் பேஸை எடுத்துவிட்டு, டிரம்மை மட்டும் ஓடவிடுவான். வேலுவின் மூச்சு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு நீளம்.

வீட்டில் தனியாகக் கேட்டால் அரைகுறையாக இருக்கும். "இங்கே ஏதோ விட்டுப்போச்சே ரகு?" என்று கேட்டிருக்கிறேன்.

"அது வேலு, சார்."

வேலுவும் அப்படித்தான். பேஸ் திரும்ப இறங்கும் நேரம் வாயைத் திறக்கமாட்டான். "அது ரகு பேசற நேரம். நடுவுல பூந்தா அசிங்கம்" என்பான்.

இன்னொரு ஞாயிறு...

இந்த நிகழ்ச்சிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாட்டு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டால் எம்.சி. திருப்பிப் போடச் சொல்வார். டிஜே நிறுத்தி முதலிலிருந்து போட வேண்டும். டிஜே குனிந்தபடி இருப்பார், கூட்டத்தின் முகத்தைப் பார்ப்பது எம்.சி.தான். அதனால் முடிவு அவருடையது.

அன்றைக்குப் பாட்டு சூடு பிடிக்கவே இல்லை. நாலு பேர்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று வேலு, "திருப்பு! திருப்பு!" என்றான்.

ரகு நிறுத்தினான். நிமிர்ந்து முறைத்தான்.

"இன்னா மொறைக்கிற மாமா? என் தங்கச்சி இப்பத்தான் லிஃப்ட்லேர்ந்து வந்துகீது. அது மொதல்லேர்ந்து கேக்க வோணாவா?" எல்லாம் மைக்கில்.

லிஃப்ட் வாசலில் ஆபீஸ் பையோடு நின்ற செல்வி முகத்தைப் பொத்திக்கொண்டார். "ஐயோ... மானத்த வாங்காதண்ணா!"

ரகு திட்டிக்கொண்டே முதலிலிருந்து போட்டான். அதன் பிறகுதான் மொத்த மாடியும் ஆடியது.

மறுத்திருக்கலாமே என்று பிறகு ரகுவிடம் கேட்டேன். "ஒரு தடவ மாட்டேன்னு சொல்லிட்டா, அடுத்த தடவ கேக்கறதுக்கு முன்னாடி யோசிப்பான் சார். யோசிச்சா அவன் வேலு இல்ல."

இன்று மதியம் ரகு வீட்டுக்குப் போனேன். லேப்டாப் திறந்தே இருந்தது. வரும் ஞாயிறுக்குச் செய்த புது ட்ராக். வேலு இன்னும் கேட்கவில்லை. நாளை மறுநாள் வந்து கேட்பதாக இருந்தானாம்.

எனக்காக ஒருமுறை போட்டான். நடுவில் அந்த இடம் வந்தது. டிரம் மட்டும்...

ரகு இடது பக்கம் திரும்பினான். வேலு எப்போதும் அங்கேதான் நிற்பான். கையை லேசாகத் தூக்கி, ஆரம்பி என்பதுபோலக் காட்டியும் விட்டான்.

உள்ளேயிருந்து அவன் அம்மா வந்து நிறுத்தினார். "போறும்டா கண்ணா."

ஞாயிறு வேறு எம்.சி. ஏற்பாடு செய்யட்டுமா என்று நிகழ்ச்சி நடத்துபவர்கள் கேட்டிருக்கிறார்கள். ரகு முடியாது என்று சொல்லிவிட்டான். நிகழ்ச்சி ரத்து. இதுவும் உறுதி.

பிறகு என் எதிரிலேயே செல்விக்குப் போன் செய்தான். "ஒரு சின்ன ஸ்பீக்கர் எடுத்துட்டு வரட்டுமா செல்வி? ஒரே ஒரு தடவ அவன் பக்கத்துல போட்டுட்டு வந்துடறேன்."

செல்வியின் குரல் எனக்கும் கேட்டது. "மேளத்துக்கும் கானாவுக்கும் சொல்லிட்டாங்கண்ணா. பெரியவங்களக் கேட்டுச் சொல்றேன். அழாதண்ணா..."

வேலு, போய் வாடா.

உடல் இன்று மாலை பெரும்பாக்கம் வருகிறது. நாளை மதியம் எடுப்பார்கள். ஸ்பீக்கருக்கு அனுமதி உண்டா என்பது இதை எழுதும்வரை தெரியவில்லை. இரவு எட்டு மணிக்குள் செல்வி சொல்வார். ரகு போனைக் கையிலேயே வைத்திருக்கிறான்.