ஆற்றுக்குப் பாலம் செய்த சிவசண்முகம் அண்ணாச்சி

நான் அஞ்சாங்கிளாசோடு நின்றவன். சிவசண்முகம் அண்ணாச்சி வீட்டில் விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்திப் போர் விளையாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். விதிப் புத்தகம் முழுக்க இங்கிலீஷ். எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் மேசையில் நான் உட்காரும் ஓரத்தில் ஒரு அட்டை இருந்தது. 'மேட்டில் ஏறினால் பாதித் தூரம்தான் நகரலாம். சுவருக்குப் பின்னால் நிற்பவனை அடிப்பது கடினம்' என்று கொட்டை எழுத்தில், தமிழில். யார் எழுதியது என்று யாரும் சொல்லவில்லை. சிவசண்முகம் அண்ணாச்சி விரலில் மட்டும் ஸ்கெட்ச் பேனா மை இருந்தது.

அண்ணாச்சி விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா மகன் பெங்களூரிலிருந்து அனுப்பிய ஒரு பெட்டி பொம்மையில் தொடங்கியது இந்த விளையாட்டு. மேடு, சுவர், தோப்பு எல்லாம் அவர் கைவேலை. தெர்மோகோலை அறுத்து மலை செய்வார். பத்தமடையில் பாய் நெய்யும் வீட்டில் கோரைத் துண்டு வாங்கிவந்து நாணல் நடுவார். அவரும், அவரோடு மில்லில் வேலை பார்த்த மாரிராஜ் அண்ணாச்சியும், நானும். அவ்வளவுதான் கூட்டம்.

சண்டை தொடங்குமுன் ஒரு வழக்கம் உண்டு. மேசையைச் சுற்றிவந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

"இது என்ன வே?"

"சுவரு."

"தாண்டலாமா?"

"தாண்டலாம். மூச்சு வாங்கும்."

இதைப் பேசாமல் விட்டால், பொம்மையோடு பொம்மை முட்டிக் கைகலப்பு வரும்போது நமக்குள்ளே கைகலப்பு வந்துவிடும்.

அன்றைக்கு மேசையில் புதிதாக ஒரு ஆறு. நீலம் பூசி, வார்னிஷ் அடித்து, அப்படியே ஓடுகிற மாதிரி இருந்தது. அதைப் பற்றி மூன்று பேரும் பேசவில்லை. தினமும் தாமிரபரணியில் முங்கி எழுகிறவர்களுக்கு ஆற்றைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

மாரிராஜ் அண்ணாச்சி ஆற்றைத் தாண்ட முடியாது என்று நம்பித் தன் தளபதியைக் கரையில் தனியாக நிறுத்தியிருந்தார். சிவசண்முகம் அண்ணாச்சி பத்துச் சிப்பாயை ஆற்றுக்குள் இறக்கி, கரையேற்றி, தளபதியை முட்டிவிட்டார். பகடை உருண்டது. தளபதி சாய்ந்தான்.

"ஏ வே, இது அநியாயம்லா? ஆத்துல எப்படி வே வருவான்?"

"முழங்கால் தண்ணி வே. சின்னப்பிள்ளகூட நடந்து வந்துரும்!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வெள்ளம் வந்த மார்கழியில் மாரிராஜ் அண்ணாச்சியின் தம்பி பெருமாள்ராஜை அந்த ஆறுதான் கொண்டுபோனது. சீவலப்பேரிப் பக்கம்தான் உடல் கிடைத்தது.

மாரிராஜ் அண்ணாச்சி எழுந்தார். பொம்மைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று ஞாயிறு அவர் வரவில்லை. சிவசண்முகம் அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. "முப்பது வருசப் பழக்கம், முத்துமாலை. ஒரு வார்த்தையில கெடுத்துட்டனே" என்று பாபநாசநாதர் சந்நிதியில் என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். நாலாம் வாரம் அந்த ஆற்றைச் சாக்குப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு மாரிராஜ் அண்ணாச்சி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"இத நீரே ஒடச்சுப் போடும் வே. எனக்கு மனசு ஆறல."

மாரிராஜ் அண்ணாச்சி சாக்கைப் பிரித்தார். வார்னிஷின் மேல் விரலால் பைய தடவினார்.

"ஆத்த ஒடச்சா அவன் வந்துருவானா? இதுல யாரும் எறங்கக் கூடாது. பாலம் ஒண்ணு செய்யும்."

சிவசண்முகம் அண்ணாச்சி இரண்டு நாளில் ஐஸ் குச்சியால் பாலம் செய்தார். அகலத்துக்கு இரண்டு பொம்மைதான் நிற்கும். முன்னால் இருவர் மோத, மற்றவர்கள் பின்னால் காத்து நிற்க வேண்டும். அடுத்த ஞாயிறு மாரிராஜ் அண்ணாச்சி வந்தார். அந்தப் பாலத்தில் அவரை ஜெயிக்க எங்களால் முடியவில்லை. ஆனாலும் சில ஞாயிறு அவர் வர மாட்டார். கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். நாங்கள் போய்த்தான் கூப்பிட வேண்டும்.

போன தை மாதம் நெஞ்சுவலி என்று சிவசண்முகம் அண்ணாச்சியை அவர் மகள் சுகன்யா ஓசூருக்கு அழைத்துப் போனாள். மாசியில் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். அவரை ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனபோது ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் உடம்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"ஞாயித்துக்கெழம மாரிராஜ் வரலன்னா சும்மா இருந்துராதயும், முத்துமாலை. கதவத் தட்டும். ஏசினாலும் தட்டும்."