எல்லா பிரவுசரிலும் ஒரே வாசகர்

பட்டுச்சேலைக் கடைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத ஆரணிக்குப் போயிருந்தேன். போன இடத்தில் என் லேப்டாப் படுத்துவிட்டது. காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். அதை நடத்துகிறவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு வலைப்பூவை வாய் அசையப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும், அங்கிருந்த ஒவ்வொரு கணினியிலும் எத்தனை பிரவுசர் உண்டோ அத்தனையிலும் அதே பக்கத்தைத் திறந்து திறந்து மூடினார்.

“நெட் வருதான்னு பாக்கறீங்களா?” என்றேன்.

“இல்ல சார். என் பொண்ணு எழுதறது. வேற வேற பிரவுசர்ல தொறந்தா, வேற வேற ஆளு வந்த மாதிரி கணக்கு காட்டும்.”

“நல்லா இருக்குன்னு கீழ ஒரு வரி எழுதலாமே?”

“அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் கட்டிகினு போனப்ப, இனிமே என் வாசப்படி மிதிக்காதன்னு சொன்னவன் சார் நானு. என் பேரப் பாத்தா எழுதறதயே நிறுத்திடுவா. யாரோ நாலு பேரு படிச்சிகினு இருக்காங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதுங்க.”

கூலிக்கு எழுதுகிற எனக்கு பிரவுசர் என்றால் வேகம், அவ்வளவுதான். யார் படிக்கிறார்கள் என்று அலுத்துப்போய் என் வலைப்பூவை எப்போதோ மூடிவிட்டேன். அவர் மகளுடையதை மட்டும் அன்றிலிருந்து தினமும் திறக்கிறேன்.

அவள் இன்னும் எழுதுகிறாள். அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. பக்கத்தின் அடியில், வந்து போனவர்களின் எண்ணிக்கை தெரியும். கொஞ்ச நாளாக, நான் திறக்கும்போது மட்டும்தான் அதில் ஒன்று கூடுகிறது.